பதினொரு பேர் ஏன் கொந்தளித்தார்கள்? ஓடன்சே ஆய்வை மறுபடி படித்தபோது

சில வருஷங்களுக்கு முன்னால் என் பெரியப்பா ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தார். நிமோனியா. ஆறாவது நாள் பார்க்கப் போனபோது இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். "ரொம்ப அஜிடேட் ஆகறார் சார், டியூபைப் பிடுங்கப் பார்த்தார்" என்றார் நர்ஸ். மயக்க மருந்தைக் குறைத்துவிட்டோம், வலிக்கான ஊசி மட்டும் போய்க்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீடு திரும்பி இரண்டு வாரம் கழித்துப் பெரியப்பாவே ஒருநாள் சொன்னார்: "மூக்கு அரிச்சுதுடா. சொறிஞ்சுக்கலாம்னு கையைத் தூக்கினேன். கட்டிட்டாங்க."

அந்த நர்ஸைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குழாய் பிடுங்கப்பட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. கை மேலே போவதைப் பார்த்தவருக்கு யோசிக்க ஒரு நொடிதான் இருந்திருக்கும். ஆனால் பெரியப்பா சொன்னது மனசில் தங்கிவிட்டது. வாயில் குழாய் இருக்கிற ஒரு மனிதன் கையைத் தூக்கினால் அது கொந்தளிப்பா, கோரிக்கையா? யார் முடிவு செய்வது? அதைத் தேடித்தான் இந்த விஷயத்தில் வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவன் இல்லை. படித்துக் குறிப்பெடுக்கிற ஆள், அவ்வளவுதான். அதை நினைவில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

தேடியதில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற ஒரு கட்டுரை கிடைத்தது. 2010 பிப்ரவரியில் லான்செட் இதழில் வந்தது. டென்மார்க்கின் ஓடன்சே பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த ஆய்வு. எழுதியவர்கள் தாமஸ் ஸ்ட்ரோம், டோர்பன் மார்டினுசன், பாலே டோஃப்ட். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு மயக்க மருந்தே வேண்டாம், வலிக்கு மார்ஃபின் மட்டும் போதும் என்பதுதான் அவர்கள் சோதித்துப் பார்த்த முறை. சிலர் இந்தக் கட்டுரையைப் புரட்சி என்கிறார்கள். வேறு சிலர் "மார்ஃபினை மட்டும் கொடுத்தால் நோயாளி கொந்தளிப்பான், இதோ அவர்களே எண்ணிக் காட்டியிருக்கிறார்கள்" என்று அதே கட்டுரையைக் காட்டுகிறார்கள். இரண்டு தரப்புமே கட்டுரையில் இல்லாத ஒன்றைப் படிக்கிறார்கள் என்பது என் எண்ணம். அதற்குக் கட்டுரையும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது.

கட்டுரை சொல்வது என்ன

முதலில் பின்னணி. வென்டிலேட்டர் என்றால் தொண்டைக்குள் குழாய். அதைத் தாங்கிக்கொள்ள நோயாளியைத் தொடர்ந்து தூங்க வைப்பதுதான் நெடுநாள் வழக்கம். 2000-ல் சிகாகோவில் ஜான் கிரெஸும் கூட்டாளிகளும் 128 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தால் வென்டிலேட்டர் நாட்கள் 7.3-லிருந்து 4.9-ஆகக் குறைகின்றன என்று காட்டினார்கள். தூக்கம் இலவசம் இல்லை, அதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பது அப்போது பலருக்கு உறைத்தது.

ஓடன்சேக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எழுப்புவதற்காக எதற்குத் தூங்க வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். 140 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முதல் 48 மணி நேரம் புரோபோஃபால், அதற்கப்புறம் மிடசோலம், தினமும் ஒருமுறை நிறுத்தி எழுப்புவது. இன்னொரு பாதிக்கு மயக்க மருந்து கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் தேவைப்படும்போது 2.5 அல்லது 5 மில்லிகிராம் மார்ஃபின் ஊசி உண்டு.

28 நாள் கணக்கில், மயக்கம் தராத பக்கத்தில் வென்டிலேட்டர் இல்லாமல் இருந்த நாட்கள் சராசரி 13.8. மற்றப் பக்கத்தில் 9.6. வித்தியாசம் 4.2 நாள். ஐசியூவில் இருந்த காலமும் குறைவு. குழாய் தவறிக் கழன்றுபோவதில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. இது முக்கியம், ஏனென்றால் எல்லாரும் முதலில் பயப்படுவது அதற்குத்தான். ஆனால் கொந்தளிப்போடு கூடிய டெலிரியம், அதாவது நினைவு தடுமாறி ஆர்ப்பாட்டம் செய்கிற நிலை, மயக்கம் தராத பக்கத்தில் 11 பேருக்கு, 20 சதவீதம். மற்றப் பக்கத்தில் 4 பேருக்கு, 7 சதவீதம்.

இந்த 20-க்கு 7 என்பதுதான் என் பிரச்சினை. அதற்குள் போவதற்கு முன் மார்ஃபினைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

அமைதிப்படுத்துகிற மருந்தே கலைத்தும் விடும்

மார்ஃபின், ஃபென்டனில், பெத்திடின் எல்லாம் ஓபியாய்டு வகை வலி மருந்துகள். வலியைக் குறைக்கும், இருமலை அடக்கும், மூச்சின் வேகத்தைக் குறைக்கும், கூடவே தூக்கமும் தரும். குழாயோடு இருப்பவருக்கு இதெல்லாமே உதவி. அதனால்தான் வலி மருந்தை முதலில் கொடு, போதவில்லையென்றால் மட்டும் மயக்க மருந்துக்குப் போ என்ற அணுகுமுறை வந்தது. அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் 2018 வழிகாட்டுதலும் இந்தப் பக்கமே நிற்கிறது.

ஆனால் மார்ஃபின் உடம்பில் கரைந்து காணாமல் போவதில்லை. கல்லீரல் அதை இரண்டு முக்கியமான பொருள்களாக மாற்றுகிறது. ஒன்று மார்ஃபின்-6-குளுக்குரோனைடு. அது நல்ல வலி நிவாரணி, தூக்கமும் தரும். இன்னொன்று மார்ஃபின்-3-குளுக்குரோனைடு. அது வலியைக் குறைப்பதில்லை. நரம்புகளைத் தூண்டிவிடும் குணம் அதற்கு உண்டு என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. இரண்டையும் வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். ஐசியூவில் இருக்கும் பலருக்குச் சிறுநீரகம்தான் முதலில் சோர்ந்துபோகும். அப்போது இவை தேங்கும். பெத்திடின் இதைவிட மோசம். அதிலிருந்து வரும் நார்பெத்திடின் தேங்கினால் நடுக்கம், கொந்தளிப்பு, வலிப்பு வரைக்கும் போகும்.

இன்னும் இருக்கிறது. ஓபியாய்டு குடலை மந்தமாக்கும், வயிறு உப்பும். சிறுநீர் இறங்காமல் நின்றுபோகும். அரிப்பு வரும், குறிப்பாக முகத்திலும் மூக்கிலும். (பெரியப்பாவின் மூக்கு அரித்தது இதனால்தான் என்று நான் சொல்லவரவில்லை. குழாயை ஒட்டும் பிளாஸ்திரிகூட அரிக்கும்.) பல நாள் கொடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வியர்வை, கொட்டாவி, விரிந்த கண்பாவை, படுக்கையில் புரளல் என்று மருந்து விட்ட அறிகுறிகள் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: "அஜிடேட் ஆகறார்".

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஓபியாய்டு போதாமல் போனாலும் கொந்தளிப்பு வரும். 2003-ல் நியூயார்க் மருத்துவமனைகளில் இடுப்பெலும்பு முறிந்த 541 முதியவர்களைக் கவனித்து சீன் மாரிசனும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மார்ஃபின் கணக்கில் நாளுக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவாக வலி மருந்து பெற்றவர்களுக்கு டெலிரியம் வரும் ஆபத்து 5 மடங்குக்கு மேல். பெத்திடின் பெற்றவர்களுக்கு 2 மடங்குக்கு மேல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலி மருந்தைக் குறைத்துக் கொடுத்தாலும் புத்தி தடுமாறும், தவறான வலி மருந்தைக் கொடுத்தாலும் தடுமாறும். இவர்கள் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் இல்லை, அதனால் எண்களை அப்படியே ஐசியூவுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஆனால் "ஓபியாய்டு கொந்தளிப்பைத் தருமா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைப் பதில் கிடையாது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

20-க்கு 7: எதை எண்ணினார்கள்?

இப்போது ஓடன்சேக்குத் திரும்புவோம்.

முதல் குறை. அந்த 11 பேர் ஏன் கொந்தளித்தார்கள் என்பது எண்ணிக்கைக்குள் இல்லை. வலி போதவில்லையா, மார்ஃபின் தேங்கியதா, காய்ச்சலா, ஆக்சிஜன் குறைந்ததா, குடிப்பழக்கம் நின்றதால் வந்த நடுக்கமா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. முதல் காரணம் என்றால் மார்ஃபினைக் கூட்ட வேண்டும். இரண்டாவது என்றால் குறைக்க வேண்டும், அல்லது ஃபென்டனில் மாதிரி வேறொன்றுக்கு மாற வேண்டும். நேர் எதிரான இரண்டு வைத்தியத்துக்கு ஒரே பெட்டியில் கணக்கு வைத்தால் அந்த எண்ணை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. படுக்கையருகில் இருந்தவர்கள் காரணத்தைத் தேடித்தான் இருப்பார்கள். நோயாளி சிரமப்பட்டால் முதலில் காரணத்தைப் பார் என்பது அவர்களுடைய நெறிமுறையிலேயே இருந்தது. அந்தத் தேடலின் விடைதான் அட்டவணையில் இல்லை.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. டெலிரியம் என்றாலே ஆர்ப்பாட்டம் என்று நினைக்கிறோம். அதில் அமைதியான வகையும் உண்டு. நோயாளி சத்தமில்லாமல் படுத்திருப்பார், கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவார், உள்ளே எல்லாம் குழம்பிக் கிடக்கும். எளிதில் தவறவிடப்படுவது அந்த வகைதான். ஆழமாகத் தூங்க வைக்கப்பட்டவரிடம் டெலிரியம் சோதனையே செய்ய முடியாது. கண் திறக்காதவரிடம் எப்படிக் கேள்வி கேட்பது? ஆக, "கொந்தளிப்பு" என்ற அளவுகோலை வைத்தால் விழித்திருக்கும் பக்கம் எப்போதும் தோற்கும். தூங்குகிறவன் சண்டை போட மாட்டான். ஓடன்சேயில் மற்றப் பக்கத்தையும் தினமும் எழுப்பினார்கள், அதனால் இந்தக் குறை முழுசாகப் பொருந்தாது என்பது நியாயமான பதில். ஆனால் எழுப்பிய நேரம் ஒரு நாளில் எவ்வளவு? மற்றப் பக்கம் நாள் முழுக்க வெளிச்சத்தில் இருந்தது. நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஜன்னல் வழியாக அதிகம் தெரியத்தான் செய்யும்.

அதனால் 20-க்கு 7 என்பதை "மார்ஃபின் மட்டும் கொடுத்ததால் வந்த கெடுதல்" என்று படிப்பது தவறு. அதில் எவ்வளவு புதிதாக உண்டானது, எவ்வளவு முன்பு மறைந்திருந்து இப்போது தெரிந்தது என்று பிரிக்க வழியில்லை. அதே சமயம் "அது வெறும் பார்வைக் கோளாறு" என்று தள்ளிவிடவும் முடியாது. மேலே சொன்ன குளுக்குரோனைடு கதை நிஜம்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 140 பேரில் 27 பேர் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள் அல்லது குழாய் எடுக்கப்பட்டார்கள். முன்பே வகுத்த திட்டப்படி அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. மிஞ்சியது 55 பேரும் 58 பேரும். 4.2 நாள் வித்தியாசத்தின் நம்பக எல்லை 0.3-லிருந்து 8.1 வரை. ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதிலிருந்து ஒரு வாரத்துக்கும் மேல் என்பது வரை எதுவாகவும் இருக்கலாம். கொந்தளிப்புக் கணக்கிலும் வித்தியாசம் ஏழே பேர். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது எல்லாருக்கும் தெரிந்தும் இருந்தது. கட்டுரையாளர்கள் நேர்மையானவர்கள்; பல மருத்துவமனைகளில் செய்து பார்க்க வேண்டும் என்று அவர்களே எழுதிவிட்டார்கள்.

தலைப்பில் இல்லாத ஆள்

எனக்கு மிகவும் உறுத்துவது கட்டுரையின் தலைப்பு. "மயக்கம் தராத நெறிமுறை" என்கிறது அது. இரண்டு காரணத்தால் அது சரியில்லை.

ஒன்று, மார்ஃபினே தூக்கம் தருகிற மருந்து. அதைக் கொடுத்துவிட்டு மயக்கம் தரவில்லை என்று சொல்வது, காபி குடிப்பதில்லை, டிகாக்‌ஷன் மட்டும்தான் என்று சொல்வது மாதிரி. போதாதற்கு, சமாளிக்க முடியாதபோது ஆறு மணி நேரம் புரோபோஃபால் கொடுக்க அனுமதி இருந்தது. மூன்று முறை அப்படி நடந்தால் தொடர் மயக்கத்துக்கே மாற்றிவிடலாம். 10 பேர், அதாவது 18 சதவீதம், அப்படித் தொடர் மயக்கத்துக்குப் போனார்கள்.

இரண்டு, இதுதான் பெரியது: மயக்க மருந்தை எடுத்த இடத்தில் அவர்கள் ஒன்றை வைத்தார்கள். ஒரு மனிதரை. ஓடன்சேயில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். நோயாளி பதறினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசித் தேற்றக் கூடுதலாக ஓர் ஆளும் உண்டு. மயக்கம் தராத பக்கத்தில் அந்த ஆளின் தேவை அதிகமாக இருந்தது என்று கட்டுரையே பதிவு செய்கிறது. அப்படியென்றால் சோதிக்கப்பட்டது "மார்ஃபின் மட்டும்" இல்லை. "மார்ஃபினும் ஒரு மனிதரும்". எடுத்ததைத் தலைப்பில் போட்டார்கள், வைத்ததைச் செய்முறைப் பத்திக்குள் விட்டுவிட்டார்கள்.

இது வார்த்தைச் சண்டை இல்லை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு மருத்துவமனை புரோபோஃபாலை நிறுத்துகிறது, ஆனால் ஆள் சேர்க்கவில்லை என்று வையுங்கள். ஒரு நர்ஸ் மூன்று கட்டிலைப் பார்க்கிறார். மூன்றாவது கட்டிலில் ஒருவர் கையைத் தூக்குகிறார். என்ன நடக்கும்? துணியால் கட்டுவார்கள், இல்லையென்றால் இன்னொரு டோஸ் மார்ஃபின் ஏற்றுவார்கள். காரணம் மார்ஃபினாகவே இருந்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய். கேட்டால் "ஆய்வு அடிப்படையில்தான் செய்கிறோம்" என்பார்கள். ஆய்வில் இருந்த பாதியை மட்டும் செய்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் இன்னொரு மருந்தும் உண்டு. ஓடன்சேயில் டெலிரியம் என்று சந்தேகப்பட்டால் ஹாலோபெரிடால் கொடுத்தார்கள், அந்தக் காலத்து வழக்கப்படி. 2018-ல் அமெரிக்காவில் 566 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஹாலோபெரிடால் டெலிரியத்தின் காலத்தைக் குறைக்கவில்லை, வெறும் உப்புநீரோடு ஒப்பிட்டும்கூட. ஆக, ஓடன்சே முறையில் கொந்தளிப்புக்கு எதிராக உண்மையில் வேலை செய்தது எது என்று கேட்டால், என் சந்தேகம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள்மேல்தான் விழுகிறது. சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். யாரும் அதைத் தனியாகப் பிரித்து அந்த ஆய்வில் அளக்கவில்லையே.

பத்து வருஷம் கழித்து

கேட்ட பெரிய ஆய்வு 2020-ல் வந்தது. டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மருத்துவமனைகளில் 700 பேர். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. 90 நாளில் இறந்தவர்கள் மயக்கம் தராத பக்கத்தில் 42.4 சதவீதம், லேசான மயக்கம் தந்த பக்கத்தில் 37.0 சதவீதம். புள்ளியியல்படி அது உறுதியான வித்தியாசம் இல்லை. வென்டிலேட்டர் இல்லாத நாட்களிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஓடன்சேயின் 4.2 நாள் திரும்ப வரவில்லை.

"பாத்தீங்களா, முடிஞ்சது கதை" என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ராஸ் என்று ஓர் அளவுகோல் உண்டு. பூஜ்யம் என்றால் விழிப்பும் அமைதியும், மைனஸ் 5 என்றால் எதற்கும் அசையாத நிலை, பிளஸ் 4 என்றால் அடிதடி. ஏழாவது நாள் மயக்கம் தராதவர்களின் சராசரி மைனஸ் 0.8, தந்தவர்களுக்கு மைனஸ் 1.8. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். மயக்கம் தராத பக்கத்திலும் பலருக்கு இடையில் மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தது. 2010-க்கும் 2020-க்கும் நடுவில் எல்லாருமே லேசான மயக்கத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். எதிராளி பாதி தூரம் நம் பக்கம் வந்துவிட்ட பிறகு நடந்த பந்தயம் இது. ஆழமாகத் தூங்க வைப்பது நல்லது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. பெரிய ரத்த உறைவுச் சிக்கல் மயக்கம் தராத பக்கத்தில் 1 பேருக்கு, மற்றப் பக்கத்தில் 10 பேருக்கு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆனால் என் பழைய குறை இங்கேயும் தீரவில்லை. இந்த ஆய்வு முன்வைத்த அளவு "கோமாவோ டெலிரியமோ இல்லாத நாட்கள்": 27-க்கு 26. அமைதியான டெலிரியமும் இதில் அடங்கும், அந்த வகையில் முன்னேற்றம். காரணம்? அது மறுபடியும் கணக்குக்கு வெளியே.

என்ன கேட்க வேண்டும்

காரணத்தைத் தேடக் கருவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பேச முடியாதவரின் வலியை அளக்க 2001-லேயே பிரான்சில் ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். முகம், கை, வென்டிலேட்டரோடு ஒத்துப்போவது என்று மூன்றையும் பார்த்து 3 முதல் 12 வரை மதிப்பெண். 2006-ல் கனடாவிலிருந்து இன்னொன்று வந்தது. வலி மதிப்பெண் அதிகமா, மார்ஃபின் கொடு, திரும்பப் பார். கொடுத்தும் கொந்தளிப்பு அடங்கவில்லையா, அல்லது கூடுகிறதா, அப்போது சந்தேகம் மார்ஃபின் பக்கம் திரும்ப வேண்டும். சிறுநீர் எவ்வளவு வருகிறது, கிரியாட்டினின் எவ்வளவு, நேற்று மருந்தைச் சட்டென்று குறைத்தோமா, வயிறு உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து வரும் ஆய்வு ஒன்று இந்த விடைகளை ஒவ்வொரு கொந்தளிப்புக்கும் ஒரு வரியாகப் பதிவு செய்தால் போதும். 20-க்கு 7 என்ற எண் அப்போதுதான் பேச ஆரம்பிக்கும்.

இத்தனை குறை சொன்ன பிறகும் ஓடன்சே கட்டுரையை நான் மதிக்கிறேன். விழித்திருக்கும் நோயாளியைப் பார்த்துப் பயப்படாத ஒரு வார்டை அவர்கள் நடத்திக் காட்டினார்கள். தங்களுக்குப் பாதகமான 11 பேர் கணக்கையும் சுருக்கத்திலேயே போட்டார்கள், பின்னிணைப்பில் ஒளிக்கவில்லை. அந்த 11 பேரிடமும் பிற்பாடு, குழாய் எடுத்த பிறகு, "அன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டு எழுதியிருந்தால் எனக்குப் போதும்.

பெரியப்பாவிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பக்கத்துல ஒரு ஆளா? அப்ப மூக்கைச் சொறிஞ்சு விட்டிருப்பாங்களே" என்றார்.